பிடுங்கச் சொன்ன கொடி: கொர்பியேரில் ஐந்து நாள்

முதல் நாள், நார்போன்

என் அத்தை மகன் துலூஸில் ஒரு விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். லீவு போட்டுவிட்டு அவன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். "பாரிஸுக்கு டிக்கெட் போடட்டுமா மாப்ள?" என்று வந்த அன்றே கேட்டான். ஈஃபில் கோபுரம் எங்கேயும் ஓடிவிடாது, செப்டம்பர் போனால் பழ வெட்டு முடிந்துவிடும், எனக்குத் திராட்சைத் தோட்டத்தைக் காட்டு போதும் என்றேன். கம்பத்துக்காரன் வேறு எதைக் கேட்பான்? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பன்னீர் திராட்சை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் அதை நம் பக்கம் கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்வார்கள், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரிலும் அதையே போட்டிருந்தார்கள். சரி, கொடுத்தவர் நாட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமே.

போர்தோ வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். அந்தப் பெயர் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், ஆனால் ஒயினை வைத்து அல்ல. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்போமே, போர்டோ கலவை, அது 1880களில் அந்த ஊரில் பிறந்ததுதான். "கொர்பியேர் போவோம், விலை கம்மி, கூட்டம் கம்மி, காத்து மட்டும்தான் ஜாஸ்தி" என்றான் மச்சான். நார்போனுக்கும் கார்க்காசோனுக்கும் தெற்கே பிரனீஸ் மலையடிவாரம் வரைக்கும் விரிந்து கிடக்கிற மேடு பள்ளமான வறண்ட சீமை அது. அங்கே எடுப்பதில் பெரும்பகுதி சிவப்பு ஒயின். நம் புவிசார் குறியீடு மாதிரி அங்கே இருக்கிற ஏஓசி (AOC) அந்தஸ்து கொர்பியேருக்கு 1985இல்தான் கிடைத்தது.

துலூஸிலிருந்து நார்போனுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. கி.மு. 118இல் ரோமானியர்கள் உண்டாக்கிய ஊர். நகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் சதுக்கத்தின் நடுவே ஒரு பள்ளம், அதற்குள் பழைய ரோமானியச் சாலையின் துண்டு ஒன்று, தேய்ந்த பாறைப் பலகைகளாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். இந்தச் சாலை வழியாகத்தான் இந்தப் பக்கத்து ஒயின் போயிருக்கிறது, போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று இத்தாலிக்காரர்களுக்கு எரிச்சலும் வந்திருக்கிறது. கி.பி. 92 வாக்கில் டொமிஷியன் என்ற பேரரசன், மாகாணங்களில் இருக்கிற திராட்சைத் தோட்டங்களில் பாதியைப் பிடுங்கிப்போடச் சொல்லி ஆணை போட்டான். புரோபஸ் என்ற இன்னொரு பேரரசன் வந்து அதை ரத்து செய்வதற்குள் இருநூறு வருஷம் ஓடிவிட்டது. பிடுங்கு என்கிற சொல்லை இந்த ஊர் கேட்பது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவை அல்ல என்று மச்சான் சொன்னான். அப்போது எனக்கு அது புரியவில்லை.

இதே சதுக்கத்தில் 1907இல் துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது. அந்த வருஷம் ஒயின் விலை அடிமாட்டு விலைக்குப் போய்விட்டது. விளைச்சல் ஏகப்பட்டது, அல்ஜீரியாவிலிருந்து வேறு கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது, இது போதாதென்று சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துப் போலி ஒயின் செய்து விற்கிறார்கள். ஆர்ழெலியே என்ற சின்ன ஊரில் காப்பிக்கடை வைத்துக்கொண்டு கொஞ்சம் திராட்சையும் போட்டிருந்த மார்ஸலேன் அல்பேர், மார்ச் 11ஆம் தேதி 87 பேரைக் கூட்டிக்கொண்டு நார்போனுக்குக் கிளம்பினார். வாரா வாரம் ஒவ்வொரு ஊராகக் கூட்டம் பெருத்து, ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள் என்கிறார்கள். அரசாங்கம் ராணுவத்தை அனுப்பியது, நார்போன் மேயர் ஃபெருலைக் கைது செய்தது, ஜூன் 19, 20 இரண்டு நாளில் ஆறு பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். அதில் ஒருத்தி சந்தைக்கு வந்த 20 வயதுப் பெண். செய்தி கேட்டு 17ஆம் காலாட்படைக்காரர்கள், முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன்கள், ஆயுதக் கிடங்கை உடைத்துத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பெசியேவுக்கு நடந்தே போய் மக்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள்.

அல்பேர் என்ன ஆனார்? பேசித் தீர்க்கலாம் என்று ஒளிந்து மறைந்து பாரிஸ் போய்ப் பிரதமர் க்ளெமான்சோவைப் பார்த்தார். திரும்பிப் போக ரயில் செலவுக்கு வைத்துக்கொள் என்று அவர் 100 பிராங்க் கொடுத்தார், இவரும் வாங்கிக்கொண்டார். பிரதமர் அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார், அவ்வளவுதான், ஊரில் இவர் விலைபோனவர் ஆகிவிட்டார். மாசக் கடைசியில் போலி ஒயினுக்கு எதிராகச் சட்டம் வந்தது, அது இவர் தொடங்கிய போராட்டத்தால்தான் வந்தது. ஆனாலும் அந்த 100 பிராங்க் கறை போகவில்லை. சங்கம், போராட்டம் என்று அலைந்த என் பெரியப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னால் ராத்திரி தூங்க மாட்டார்.

இரண்டாம் நாள், லக்ராஸ் பக்கம்

வாடகைக் கார். கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. வடமேற்கிலிருந்து அடிக்கிற இந்தக் காற்றுக்கு ஸேர்ஸ் என்று பெயர். ரோமானியப் பேரரசன் அகஸ்டஸ் இந்தக் காற்றுக்கு ஒரு கோயிலே கட்டினான் என்று அந்தக் காலத்து ரோமானிய அறிஞர் செனெகா எழுதியிருக்கிறார். வீட்டை ஆட்டுகிற காற்றுக்கு எதற்குக் கோயில் என்றால், அதுதான் ஆரோக்கியத்தைக் கொடுக்கிறது என்று சனங்கள் நம்பினார்களாம். திராட்சைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். இலையில் ஈரம் காய்ந்தால் நோய் வராது, மருந்துச் செலவு மிச்சம். ஆனால் ஆடிக் காற்றில் வளர்ந்த எனக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை.

லக்ராஸ் அழகான ஊர்தான், ஆறு, பழைய கல் பாலம், அக்கரையில் மடம். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தோம். நான் வந்தது அதற்கல்ல.

மச்சானின் ஆபீஸ் நண்பர் மூலம் ஒரு சின்னத் தோட்டக்காரர் வீட்டில் நான்கு நாள் தங்க ஏற்பாடாகியிருந்தது. பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். தோட்டத்தையும் ஒயின் கொட்டகையையும் இப்போது மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். வந்ததும் காப்பி கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார் பெரியவர். அவருடைய தாத்தா வைத்த தோட்டம், கரிஞ்ஞான் என்கிற சிவப்பு ஒயின் திராட்சை ரகம், நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார்.

நான் கொடியைத் தேடினேன். கொடி எங்கே இருக்கிறது, எல்லாம் கட்டைகள். பந்தல் இல்லை, கல்தூண் இல்லை, ஒரு கம்பிகூட இல்லை. முழங்கால் உயரத்தில் தனித்தனியாக நிற்கிற கட்டைகள், ஒவ்வொன்றும் என் தொடைக் கனம், முறுக்கிப் பிழிந்த வேட்டியைப் போல் திருகிக்கொண்டு. உச்சியில் நாலைந்து கை, கிண்ணம் மாதிரி விரிந்திருக்கிறது. ஒவ்வொரு கையின் நுனியிலும் கவாத்துத் தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மாட்டுக்கொம்பின் வளையம் போல. ஒரு கட்டையில் பாதித் தண்டு செத்து உள்ளே பொந்து விழுந்திருந்தது, பொந்துக்குள் நாலைந்து நத்தைகள் வாயை மூடிக்கொண்டு ஒட்டியிருந்தன. உயிரோடு இருக்கிற மீதிப் பாதியில் ஏழு கொத்து தொங்கியது. மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, கூழாங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்தான். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, வேர் தானாகத் தேடிக்கொள்ள வேண்டியது.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒவ்வொரு கட்டையிலும் ஒரு முண்டு இருக்கிறது. அது ஒட்டுக் கட்டிய இடம். 1863இல் தெற்கு பிரான்ஸில் கார் (Gard) என்ற மாவட்டத்தில் முதலில் தெரிந்த ஒரு நோய், தோட்டம் தோட்டமாகக் காரணம் தெரியாமல் காயப்போட்டது. 1868இல் மோன்பெலியே பேராசிரியர் பிளான்ஷோன், செத்த கொடியை விட்டுவிட்டு, நன்றாயிருக்கிற கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தார். மஞ்சளாகப் பொடிப் பொடிப் பூச்சிகள். அமெரிக்காவிலிருந்து செடியோடு வந்த ஃபிலாக்ஸெரா. மருந்து எதுவும் சரியாக எடுபடவில்லை. கடைசியில் அந்தப் பூச்சிக்குப் பழகிப்போன அமெரிக்கக் கொடியின் வேரையே கொண்டுவந்து, அதன் மேல் இந்த ஊர்க் கொடியை ஒட்டுக் கட்டித்தான் பிரான்ஸ் திராட்சையே பிழைத்தது. அதாவது நான் தொட்டுப் பார்த்த கட்டை மண்ணுக்குக் கீழே அமெரிக்கா, மேலே கரிஞ்ஞான். அந்தக் கரிஞ்ஞானும் ஸ்பெயினிலிருந்து வந்ததுதான்.

அங்கேயிருந்தே அப்பாவுக்கு வீடியோ போட்டேன்.

"பந்தல் எங்கடா?"

"பந்தலே கிடையாதுப்பா."

"அப்புறம் கொடி எதுல படரும்?"

"படர விடமாட்டாங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கவாத்துல எத்தன கண்ணு விடுறாங்கன்னு கேளு" என்றார். மச்சான் கேட்டான். பெரியவர் இரண்டு விரலைக் காட்டி, அதே கையால் தன் கண்ணையும் தொட்டுக் காட்டினார். பிரெஞ்சிலும் அந்தத் துளிர் மொட்டுக்குக் கண் என்றுதான் பெயராம். அப்பாவுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

மூன்றாம் நாள், வெட்டும் தொட்டியும்

காலை ஏழு மணிக்கு வெட்டு. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இயந்திரம்தான் வெட்டுகிறது, ஆனால் இந்தக் கிழட்டுக் கட்டைகளில் அது ஓடாது. கொத்து கட்டையோடு ஒட்டி உள்ளே கிடக்கிறது, காம்பு வேறு கயிறு மாதிரி தடிமன். நானும் ஒரு கத்தரி வாங்கிக்கொண்டு இறங்கினேன். பந்தலுக்குக் கீழே நின்று தலைக்கு மேல் கையை நீட்டி வெட்டிப் பழகியவன் நான், கழுத்து வலி எனக்கு ஒரு பொருட்டில்லை. இங்கே குனிந்து வெட்ட வேண்டும். பத்து மணிக்கு இடுப்பு போய்விட்டது. பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், மச்சான் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

பழம் ஒன்றை வாயில் போட்டேன். தோல் தடிப்பு, விதை, புளிப்பு, கடைசியில் நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. சந்தையில் தட்டில் வைத்தால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். நம் பன்னீர் திராட்சையின் வாசனைக்கு முன்னால் இது ஒன்றுமே கிடையாது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் கொட்டகை. பழத்தை மிதித்துச் சாறெடுப்பார்கள், நாமும் காலை விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே கரிஞ்ஞானை நசுக்குவதே இல்லை. முழுக் கொத்தாக, காம்போடு, அலுங்காமல் தொட்டியில் போட்டு, கரியமில வாயுவை நிரப்பி மூடிவிடுகிறார்கள். காற்று இல்லாததால் ஒவ்வொரு பழமும் தோல் உடையாமல் தனக்குள்ளேயே புளிக்கத் தொடங்குகிறது. இந்த முறையை 1934இல் ஆராய்ந்து உருவாக்கிய மிஷேல் ஃப்ளான்ஸி இதே நார்போன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர். கரிஞ்ஞானின் முரட்டுத் துவர்ப்பு இதில் அடங்கிவிடுகிறது, பழ வாசனை மேலே வருகிறது. எட்டு நாளான ஒரு தொட்டியிலிருந்து மகள் ஒரு பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வெளியே பார்த்தால் காலையில் வெட்டியது மாதிரியே இருந்தது. கடித்தால் உள்ளே சதை சிவந்துபோய், நாக்கில் சோடா மாதிரி சுரீரென்றது. ஒரு பழத்துக்குள் ஒரு மடக்கு ஒயின்.

தொட்டிப் பக்கம் குனியப்போன என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாயு கீழே தேங்கி நிற்கும், இரண்டு மூச்சில் ஆள் காலி. அந்தக் காலத்தில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பார்களாம், அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. தூர் வாருவதற்கு முன் பாழுங்கிணற்றில் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார் எங்கள் தாத்தா. அதை மச்சான் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னதும் பெரியவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். காலையில் சொன்ன கிண்டலுக்கு அதோடு சரி.

அப்புறம் ருசி பார்த்தல். கிரநாஷ், சிரா, கரிஞ்ஞான் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துப் பிறகு கலக்கிறார்கள். பக்கத்தில் பூத்தனாக் என்ற பகுதிக்கு 2005இல் தனி அந்தஸ்து கொடுத்தபோது, கரிஞ்ஞான் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும், கையால்தான் வெட்ட வேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்களாம். ஒவ்வொரு வாயையும் கொப்பளித்துத் துப்ப ஒரு பாத்திரம் வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தா வீட்டுத் திண்ணையில் வெற்றிலைக்கு இருந்த பித்தளைப் படிக்கம், அச்சு அசல் அதுதான். துப்ப மனசு வராமல் முதல் நாலு கிண்ணத்தை விழுங்கியது என் தப்பு. 14 சதவீதம் என்று லேபிளில் போட்டிருப்பதை ஐந்தாவது கிண்ணத்தில்தான் படித்தேன்.

கரிஞ்ஞானை மட்டும் தனியாக எடுத்த ஒயினைச் சொல்ல வேண்டும். நிறம், நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். முதலில் வருவதும் நாவல்பழம்தான், அந்தப் புளிப்பும் தொண்டையைக் கவ்வுகிற துவர்ப்பும் சேர்ந்து. ஆங்கிலத்தில் ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் டானின் டானின் என்று பக்கம் பக்கமாக விளக்குவதை நமக்குத் துவர்ப்பு என்று ஒரே சொல்லில் பாட்டி சொல்லிக்கொடுத்துவிட்டாள். விழுங்கின பிறகு வேறொரு வாசனை மேலே ஏறுகிறது. காலையில் தோட்டத்து ஓரத்துப் புதரில் நடந்தபோது செருப்பில் நசுங்கிய தைம், ரோஸ்மேரி வாசனை. நான் கற்பனை செய்கிறேனோ என்று வெளியே போய் ஒரு கொத்தைப் பறித்துக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு வந்தேன். அதேதான்.

நான்காம் நாள்

காலையில் ஃபோன்ஃப்ருவாத் மடம். 1093இல் தொடங்கியது, சிஸ்டெர்ஷியன் துறவிகள் இருந்தது, இப்போது தனியார் கையில், அவர்களும் கொர்பியேர் ஒயின் எடுக்கிறார்கள். ரோஜாத் தோட்டம் நன்றாக இருந்தது. தலைவலியோடு பார்த்ததால் இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

மத்தியானம் ரிபோத் வழியாகத் திரும்பினோம். 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி அங்கே பிடித்த தீ 16,000 ஹெக்டேரைத் தின்றது. பாரிஸ் நகரத்தைவிடப் பெரிய பரப்பு. ஒருவர் உயிர் போனது. ஏழு வாரம் ஆகியும் கார்க் கண்ணாடியை இறக்கினால் கரி நாற்றம். மலைச்சரிவு முழுக்கக் கறுப்பு, நடுநடுவே பச்சைக் கட்டம் கட்டமாகத் திராட்சைத் தோட்டம். நெருப்பு தோட்டத்து விளிம்பு வரை வந்து முதல் இரண்டு மூன்று வரிசையைக் கருக்கிவிட்டு நின்றுபோயிருக்கிறது. உழுத மண், பச்சை இலை, எரிய ஒன்றுமில்லை. தோட்டம் இருந்து பிடுங்கிப்போட்ட இடங்களில் மட்டும் புல்லும் புதரும் மண்டி, நெருப்பு நேரே ஓடிப்போயிருக்கிறது. நின்ற தோட்டங்களிலும் பழம் புகையைக் குடித்துவிட்டதால் ஒயினில் சாம்பல் வாடை அடிக்குமே என்ற பயம். பெரியவர் தோட்டம் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்ததால் தப்பியது.

பிடுங்கு என்று மச்சான் முதல் நாள் சொன்னது இங்கேதான் புரிந்தது.

ஐந்தாம் நாள்

இதை மகள் சொன்னபடி எழுதுகிறேன், இடையில் நான் கேட்டதையும் சேர்த்து. ஒரு காலத்தில் பிரான்ஸிலேயே அதிகம் நட்ட ரகம் கரிஞ்ஞான்தான். தண்ணீரையும் உரத்தையும் கொடுத்தால் கொட்டோ கொட்டென்று கொட்டும், தொழிலாளிகள் மத்தியானச் சோற்றோடு குடிக்கிற மலிவு ஒயின் அதில்தான். சனங்கள் குடிப்பது குறைந்ததும் குளம் குளமாகத் தேங்கிவிட்டது. இந்தக் கரிஞ்ஞானால்தான் தெற்கத்தி ஒயினுக்குக் கெட்ட பெயர், இதைப் பிடுங்கிவிட்டு சிரா போடு, மெர்லோ போடு, ஒயினின் தரத்தை உயர்த்துகிற ரகங்கள் இவை என்று அதிகாரிகள் சொன்னார்கள், பிடுங்க மானியமும் கொடுத்தார்கள். ஊரே பிடுங்கியது. பெரியவரும் கீழ்க்காட்டைப் பிடுங்கிவிட்டு மெர்லோ நட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த தாத்தா தோட்டத்தை மட்டும் விட்டுவைத்தார். அது கொள்கையெல்லாம் இல்லை, டிராக்டர் திரும்ப இடமில்லை, வேலை எக்கச்சக்கம், சோம்பல்தான் என்று அவரே சிரிக்கிறார்.

மெர்லோ இந்த வெயிலில் சீக்கிரம் பழுத்துக் கொழகொழத்துப் போகிறது. கொர்பியேர் என்ற பெயரிலும் அதை விற்க முடியாது, அந்தப் பட்டியலில் மெர்லோ இல்லை. 2024இல் அரசாங்கம் மறுபடியும் பிடுங்கச் சொன்னது. ஹெக்டேருக்கு 4,000 யூரோ, திரும்ப நடும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் போனது. பெரியவர் மெர்லோவுக்கு மனுப் போட்டார், வசந்தத்தில் இயந்திரம் வந்து இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போனது. இப்போது அவர்கள் 12 யூரோவுக்கு விற்பது அந்தச் சோம்பல் தோட்டத்துக் கரிஞ்ஞானை. அப்படிப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. அந்தத் தோட்டம் மொத்தமே ஒரு ஹெக்டேர், அதை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பம் பிழைக்க முடியாது. மகளின் கணவர் கார்க்காசோனில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறார்.

ராத்திரி எங்களுக்காக ஆட்டு விலாக்கறி சுட்டார்கள். கொட்டகைச் சுவரை ஒட்டிப் பிடுங்கிய மெர்லோ கட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன, குளிர்காலம் முழுக்க விறகுக்கு ஆகும். வீட்டுக்குள் கல் அடுப்பில் நாலைந்தைப் போட்டு, தணல் ஆனதும் கம்பித் தட்டில் கறியை வைத்தார் பெரியவர். உப்பு மட்டும்தான். புகையில் ஒரு இனிப்பு வாசனை. நம் ஊர்க் காரம் இல்லாமல் நான் இவ்வளவு கறி தின்றது இதுதான் முதல் தடவை, அதற்குப் பாதிக் காரணம் கூடவே ஊற்றிய கரிஞ்ஞான், கறியின் கொழுப்பை அந்தத் துவர்ப்பு வழித்துக்கொண்டு போய்விடுகிறது. இந்த முறை எதையும் துப்பவில்லை.

தணல் குறையவும் பெரியவர் எழுந்துபோய் இன்னொரு கட்டையைக் கொண்டுவந்தார். முண்டும் முடிச்சுமாக இருந்ததைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "91ல நட்டாராம்" என்றான் மச்சான். பெரியவர் அதை அடுப்பில் செருகிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

காலையில் ரயில். கஸ்டம்ஸில் வரி இல்லாமல் இரண்டு லிட்டருக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் இரண்டு பாட்டில்தான் வாங்கினேன், சட்டைக்குள் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வைத்திருக்கிறேன். அப்பா குடிக்க மாட்டார். மோந்து பார்ப்பார் என்று நினைக்கிறேன்.